பேராதனை கலைப்பீடம் கிடைத்திருக்கிறது. லயத்திலிருந்து முதல் ஆளாகப் போகிறேன், போனவர்கள் சொல்லுங்கள்

கொத்மலை ஓயா:

அக்காமார், அண்ணாமார் எல்லோருக்கும் வணக்கம். நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், வீடு லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில். பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஏ.எல். பாடங்கள் தமிழ், புவியியல், இந்து நாகரிகம். எங்கள் தோட்டத்து டிவிஷனிலிருந்து கெம்பஸ் போகிற முதல் ஆள் நான்தான். அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் யாரும் இல்லை.

அம்மா கொழுந்து எடுக்கிறார். அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். தம்பி ஓ.எல். படிக்கிறான். மாமா சொல்வது இது: "கெம்பஸ் போய் நாலு வருஷம் கழித்து வேலை இல்லாமல் நிற்பதைவிட, பத்தனைக் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பம் போடு. மூணு வருஷத்தில் டீச்சர்." அப்பா ஒரு நாள் மாமா சொல்வது சரி என்கிறார், மறுநாள் நீ கெம்பஸே போ என்கிறார்.

ஹொஸ்டல் கட்டாயம் கிடைக்குமா? மஹாபொல உதவித்தொகை வரும்வரை கையில் எவ்வளவு காசு வேண்டும்? இங்கிலீஷ் எனக்கு வாசித்தால் பாதி விளங்கும், பேச வராது. சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். பகிடிவதையை, அதுதான் ராகிங்கை, நினைத்து அம்மா இரவில் தூங்குவதில்லை. இதையெல்லாம் விட, அவ்வளவு பெரிய இடத்தில் நான் எப்படிச் சமாளிப்பேன் என்றுதான் யோசனை. உண்மையைச் சொல்லுங்கள், பயந்தாலும் பரவாயில்லை.

---

ஆற்றுக்கு அந்தப் பக்கம்:

வாழ்த்துகள் தங்கச்சி. நான் வவுனியா, படித்தது பொறியியல் பீடம். எங்கள் பீடம் மகாவலிக்கு அந்தக் கரையில், அக்பர் பாலத்தைத் தாண்ட வேண்டும். அதனால் கலைப்பீடத்து விஷயம் முழுக்கத் தெரியாது. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்களுக்கு முதல் நாளிலிருந்தே எல்லாம் ஆங்கிலம். உங்களுக்குத் தமிழ் மொழிமூலம் இருக்கிறது, அது பெரிய உதவி. ஆனாலும் தொடக்கத்தில் நடத்துகிற ஆங்கில வகுப்புகளை ஒன்றுகூட விடாதீர்கள். அப்புறம், பரீட்சைக்கு முன்னால் சீனியர்மாரும் பெட்சில் கெட்டிக்காரர்களும் பாடம் சொல்லிக் கொடுக்கும் "குப்பி" வைப்பார்கள். விரிவுரையில் விளங்காதது அங்கே இரவு பத்து மணிக்கு விளங்கும். வெட்கப்படாமல் போய் இருங்கள்.

நல்ல குடை ஒன்று வாங்குங்கள், மலிவானது வேண்டாம். வவுனியாவிலிருந்து போன எனக்கு அந்த மழை புதிது. நீங்கள் தலவாக்கலை, மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

---

பொகவந்தலாவை அக்கா:

தங்கச்சி, உங்கள் கேள்வியை வாசித்ததும் வேலையை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். நான் பொகவந்தலாவைக்கு மேலே ஒரு டிவிஷன். பேராதனையில் புவியியல் சிறப்புக் கலை படித்தேன். இப்போது ஹட்டன் வலயத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அதே பாடத்தைப் படிப்பிக்கிறேன். எங்கள் லயத்திலும் நான்தான் முதல் ஆள். நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் மாமா விஷயம். அவர் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்த எத்தனையோ பேர்தான் இன்று எங்கள் தோட்டப் பள்ளிக்கூடங்களைத் தாங்குகிறார்கள், நான் வேலை செய்யும் பள்ளிக்கூடத்திலும் பாதிப் பேர் அங்கே படித்தவர்கள். கலைப் பட்டம் முடித்தவுடன் வேலை கையில் வரும் என்று நானும் பொய் சொல்ல மாட்டேன். பட்டதாரிகள் நியமனம் கேட்டு வீதியில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எனக்கும் காத்திருக்க வேண்டித்தான் வந்தது. ஆனால் ஒன்றை அப்பாவிடம் சொல்லுங்கள். மற்றப் பிரிவுகளில் இடங்களில் பெரும்பகுதி மாவட்டக் கோட்டாவில் போகிறது, பின்தங்கிய மாவட்டங்களுக்கு இன்னும் 5 சதவீதம் தனியாக உண்டு. கலைப் பிரிவில் அது கிடையாது. முழுத் தீவுக்கும் ஒரே இசட் ஸ்கோர் (ஏ.எல். தரப்படுத்திய புள்ளி) வரிசை. நுவரெலியா மாவட்டத் தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து அந்த வரிசையில் ஏறி வந்திருக்கிறீர்கள். அந்த இடத்தை இப்போது விட்டால் திரும்பக் கிடைக்காது. டீச்சர் ஆவதற்குப் பட்டத்தோடும் போகலாம். என் முடிவு தெளிவானது: போங்கள்.

காசு. படிப்புக்குக் கட்டணம் இல்லை. 1945இலிருந்து இந்த நாட்டில் இலவசக் கல்வி. ஆனால் எங்கள் ஆட்களுக்கு அது வந்து சேர எவ்வளவு காலம் ஆனது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியதே எழுபதுகளில்தான். ஆகவே நீங்கள் யாருடைய தயவிலும் அங்கே போகவில்லை. பாட்டி காலத்திலேயே வந்திருக்க வேண்டியதைத்தான் இப்போது வாங்கப் போகிறீர்கள்.

மஹாபொலவும், அது கிடைக்காதவர்களுக்கான பர்சரியும் பெற்றோர் வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பார்கள். 2025 பட்ஜெட்டில் மஹாபொலவை 5,000இலிருந்து 7,500 ரூபாயாகவும் பர்சரியை 4,000இலிருந்து 6,500 ரூபாயாகவும் கூட்டினார்கள். முதல் தவணை வருவதற்கு மாதக்கணக்காகும், அதை நம்பிப் பஸ் ஏறாதீர்கள். மூன்று, நான்கு மாதச் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் தனியாகக் காசு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தார். 2016 கூட்டு ஒப்பந்தத்தில்கூட எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, 730 ரூபாய்தான். அதுவும் சொன்ன கிலோ எடுத்தால். அந்தக் காசில் போட்ட சீட்டு அது. தோட்டத்துக் கோயில் கமிட்டியும் கொஞ்சம் கொடுத்தது. கேட்டால் கொடுப்பார்கள், முதல் ஆள் போகும்போது முழு டிவிஷனுக்கும் சந்தோஷம். வாங்கிக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் இல்லை.

இன்னொரு முக்கியமான விஷயம், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் முகவரி. லயக் காம்பராக்களுக்கு இலக்கம் இல்லை, கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போய், அங்கிருந்து யாராவது எடுத்து வந்தால்தான் கைக்கு வரும். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். டவுனில் நம்பிக்கையான ஒரு கடைக்காரரிடமோ ஆசிரியரிடமோ கேட்டு அவருடைய முகவரியைக் கொடுங்கள். போன் நம்பர், மின்னஞ்சல் இரண்டும் உங்கள் சொந்தமாக இருக்கட்டும். அப்பாவின் நம்பரைக் கொடுத்துவிட்டு, அவர் கடையில் பிஸியாக இருந்து எடுக்காமல் விட்டால் யாரும் இரண்டாம் முறை கூப்பிட மாட்டார்கள்.

வருமானச் சான்றுக்குக் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் அலைய வேண்டிவரும். ஒரு அலுவலகத்தில் என்னை மூன்று வாரம் இழுத்தடித்தார்கள், அம்மாவின் சம்பளச் சீட்டில் பெயர் ஒரு மாதிரி, என் பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி என்று. தோட்டத்தில் பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அது எங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கிற பிரச்சினை. இன்றைக்கே எல்லாச் சான்றிதழையும் எடுத்துப் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இப்போதே சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள்.

ஹொஸ்டல் முதல் வருடத்தில் தூரத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கிடைத்துவிடும். நடு வருடங்களில்தான் சிலருக்கு வெளியே போர்டிங் பார்க்க வேண்டிவரும், அதை இப்போது யோசிக்க வேண்டாம். ஒரு அறையில் பல பேர் இருப்பீர்கள். நல்ல பூட்டு ஒன்று, கம்பளி, வாளி போதும். மற்றதெல்லாம் கண்டியில் வாங்கலாம்.

இனி, அவ்வளவு பெரிய இடத்தில் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். உங்கள் கேள்விகளில் இதுதான் பெரியது.

பேராதனையில் ஒன்பது பீடங்கள். கலகா வீதி வளாகத்துக்கு நடுவாலே போகிறது. செனட் கட்டடம், நூலகம், விடுதிகள், ஹந்தானை மலை என்று முதல் வாரம் நடந்தே கால் வலிக்கும். இடம் கொள்ளை அழகு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே யாரும் உங்களைத் தேடி வர மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் போகாவிட்டால் டீச்சர் அம்மாவிடம் கேட்பார். இங்கே நீங்கள் விரிவுரைக்கு வந்தீர்களா, விளங்கியதா, சாப்பிட்டீர்களா என்று கேட்க ஆள் இல்லை. 80 சதவீத வரவு இல்லாமல் போனால் பரீட்சை எழுதும்போதுதான் தெரியும். ஆங்கிலப் பிரிவு, மாணவர் ஆலோசகர்கள், மருத்துவ நிலையம், நலன்புரிப் பிரிவு எல்லாமே அங்கே இருக்கின்றன. கதவைத் தட்டிக் கேட்பவர்களுக்குத்தான் அவை கிடைக்கும்.

கேட்பதுதான் எங்களுக்குக் கஷ்டம். நன்றாக யோசித்துப் பாருங்கள். எங்கள் அம்மா அப்பா தோட்டத்து ஆபீசில் எங்கே நின்று பேசுவார்கள்? ஜன்னலுக்கு வெளியே. துரையின், அதாவது தோட்ட மேலாளரின், மேசைக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்து பேசிய ஒருவரை நான் சின்ன வயதில் பார்த்ததில்லை. அப்படிப் பழகிய வீட்டிலிருந்து போகும் பிள்ளைக்கு ஒரு விரிவுரையாளரின் அறைக் கதவைத் தள்ளி "ஸேர், எனக்கு இது விளங்கவில்லை" என்று சொல்வது லேசான காரியமா? கொழும்பிலும் கண்டியிலும் பெரிய பள்ளிக்கூடங்களில் படித்த பிள்ளைகள் முதல் நாளே விரிவுரையாளரோடு நின்று சிரித்துப் பேசுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, அவர்கள் கெட்டிக்காரர்கள், நாம் மட்டம் என்று எங்கள் பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களுக்குக் கதவைத் தள்ளிப் பழக்கம் இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். மூளையில் வித்தியாசம் இல்லை.

நானும் மன்னார்ப் பிள்ளை ஒருத்தியும் சேர்ந்தே போவோம். தனியாகப் போகத் தைரியம் வராது, இரண்டு பேர் என்றால் வரும். கேள்வியைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போவோம், அங்கே போய் வாய் அடைத்துப் போனாலும் வாசித்துவிடலாம். வகுப்பில் கண்டிப்பானவர் என்று எல்லோரும் பயந்த ஒரு மெடம், நாங்கள் கேட்ட கேள்விக்காகத் தன் அலுமாரியைத் திறந்து ஒரு புத்தகத்தைத் தந்தார். இரவல்தான். ஆனால் அந்த வாரம் முழுக்க நான் நிமிர்ந்து நடந்தேன்.

அப்புறம் ஆங்கிலம். விரிவுரை தமிழில் நடக்கும், ஆனால் வாசிக்கச் சொல்லித் தரும் புத்தகப் பட்டியல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் எழுதிய நோட்ஸை மட்டும் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதினால் பாஸ் பண்ணலாம், நல்ல வகுப்பு எடுப்பது கஷ்டம். முதல் வகுப்புக்குச் சராசரிப் புள்ளி (ஜீ.பீ.ஏ.) 3.70 வேண்டும். நாங்கள் செய்தது இது: ஒரு அத்தியாயத்தை போட்டோகொப்பி எடுப்போம், பந்திக்கு ஒரு வரியாகத் தமிழில் ஓரத்தில் எழுதுவோம். ஆரம்பத்தில் ஒரு பக்கம் முடிக்க ஒரு பின்னேரம் முழுக்கப் போகும். இரண்டாம் வருடம் வரும்போது அகராதி இல்லாமல் ஓடியது. உங்களுக்கு வாசித்தால் பாதி விளங்குகிறது என்கிறீர்கள். அது நல்ல தொடக்கம். பேச்சு பின்னால் வரட்டும்.

புவியியல் பற்றி ஒன்று சொல்ல ஆசை. நான் ஏ.எல். எழுதிவிட்டுக் காத்திருந்த நேரம்தான், 2014 ஒக்டோபர் 29, கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த நாட்களில் எங்கள் தோட்டத்தில் மழை பெய்த இரவெல்லாம் யாரும் தூங்கவில்லை. இறுதி வருட ஆய்வுக்கு எதை எடுப்பது என்று கேட்டபோது எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. எங்கள் பக்கத்து லயங்களின் சரிவைத்தான் எடுத்தேன். சரிவின் கோணத்தை அளந்தேன், தண்ணீர் ஓடும் கான்கள் எங்கே அடைபட்டிருக்கின்றன என்று பார்த்தேன், எந்தச் சுவர் எந்த வருட மழையில் பிளந்தது என்று வயதானவர்களிடம் கேட்டு எழுதினேன். வேறு எந்த மாணவர் போயிருந்தாலும் அந்த அம்மாமார் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். என்னை மேற்பார்வை செய்தவர் சிங்களவர், அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஆங்கிலம் உடைந்து உடைந்துதான் வரும். வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசுவோம். "பேர்" என்றால் என்ன, லயத்தின் கூரைத் தகரத்தை யார் மாற்ற வேண்டும் என்றெல்லாம் அவர் என்னிடம் கேட்டு எழுதிக்கொள்வார். நீங்கள் அங்கே வெறுங்கையோடு போகவில்லை, தங்கச்சி. தோட்டத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது பல்கலைக்கழகத்துக்குத் தேவையான அறிவு.

நூலகத்தைப் பற்றிப் பேசினால் நிறுத்த மாட்டேன். இலங்கையில் அச்சாகும் நூல்களின் ஒரு பிரதி சட்டப்படி அந்த நூலகத்துக்குப் போகிறது. எங்கள் ஊர் ஆட்கள் எப்போதோ எழுதி, அவர்கள் பிள்ளைகளிடம்கூட இல்லாத சின்னப் புத்தகங்கள் அங்கே தட்டில் இருக்கின்றன. மழை நாளில் போய் இருங்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தனிமை என்ற பயம் வேண்டாம். மலையில் ஏறினால் குறிஞ்சிக் குமரன் கோயில். வெள்ளிக்கிழமை அங்கே யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மன்னார், பதுளை என்று எல்லா ஊர்ப் பேச்சும் கேட்கும். பேராசிரியர் வித்தியானந்தன் அறுபதுகளில் மாணவர்களை வைத்துக் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்த இடம் பேராதனை. அது மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு இன்றும் பெருமை. அவர்கள் வடமோடிப் பாட்டைப் பாடும்போது, எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் ஆடுகிற காமன் கூத்தைப் பற்றி நான் சொன்னேன். ரதியும் மதனும் வீட்டுக்கு வீடு வருவது, கடைசியில் காமனை எரிப்பது எல்லாம் விடிய விடியக் கேட்டார்கள். மட்டக்களப்புக்காரி ஒருத்தி அடுத்த வருடம் பார்க்கவே வந்துவிட்டாள், எங்கள் காம்பராவில்தான் தங்கினாள்.

விடுதிகளில் ஒன்றுக்கு அருணாசலம் என்று பெயர். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இலேயே சங்கம் வைத்துப் பேசிய பொன்னம்பலம் அருணாசலம் அவர். 1942இல்தான் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் தொடங்கியது, 1952இல் பேராதனைக்கு வந்தது. இதைத் தெரிந்துகொண்டு நடந்தால் இடம் இன்னும் கொஞ்சம் நம்முடையதாகத் தெரியும்.

வீட்டுக்கு வருவது லேசு. ஹட்டன் பஸ் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனையைத் தாண்டித்தான் கண்டி போகிறது. ஆனால் முதல் மாதம் ஒவ்வொரு வெள்ளியும் வீட்டுக்கு ஓடாதீர்கள். சனி, ஞாயிறில்தான் சிநேகிதம் பிடிக்கும்.

பகிடிவதையைப் பற்றி இரவு எழுதுகிறேன், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டான்.

---

பழைய பெட்ச்:

அக்கா நல்லா எழுதியிருக்கிறார். பகிடிவதை பற்றி நான் சொல்கிறேன். ரொம்பப் பயப்படத் தேவையில்லை. கொஞ்ச நாள் பொறுத்துப் போனால் பெட்ச் ஒற்றுமையாகும், பணக்காரன் ஏழை வித்தியாசம் போகும், சீனியர்மார் நோட்ஸ் தருவார்கள். எதிர்த்து நின்றால் நாலு வருஷமும் தனியாக நிற்க வேண்டிவரும். நான் சொல்வது நடைமுறை.

---

பொகவந்தலாவை அக்கா:

தம்பி, நீங்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்று தெரியும். ஆனால் இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்தில் சேர்ந்த ஒரு தமிழ் மாணவர் பகிடிவதையால் இறந்துபோனார். அவருடைய அம்மாவும் பிள்ளைக்கு இடம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டுத்தான் அனுப்பியிருப்பார். அடுத்த வருடம், 1998இல், 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன்படி இந்த நாட்டின் எந்தக் கல்வி நிறுவனத்திலும் பகிடிவதை குற்றம், சிறைத்தண்டனை உண்டு. ஒரு உயிர் போன பிறகு வந்த சட்டத்தைப் பொறுத்துப்போகிற பழக்கத்தால் செல்லாக்காசாக்க வேண்டாம்.

ஏழை பணக்காரன் வித்தியாசம் போகிறது என்கிறீர்கள். லயத்துப் பிள்ளையைப் பிடித்து அப்பா என்ன வேலை, வீட்டில் எத்தனை அறை என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டால் எந்த வித்தியாசம் போகும்? எந்தப் பல்கலைக்கழகமானாலும் அதில் முதலில் உடைந்துபோவது எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைதான். பின்னால் யாரும் இல்லை என்று பார்த்தாலே தெரியும்.

தங்கச்சி, ஊர், பெயர், பாடம் கேட்டுப் பழகுவது வேறு. அதற்கு மரியாதையாகப் பதில் சொல்லுங்கள், சீனியர் அக்காமாரில் நல்லவர்கள்தான் அதிகம். மிரட்டல், அவமானம், உடம்பில் கை வைப்பது என்று போனால் அந்த நிமிடமே அங்கிருந்து நகருங்கள். மாணவர் ஆலோசகரிடமோ விடுதிப் பொறுப்பாளரிடமோ சொல்லுங்கள், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். அந்த நம்பர்களைப் போனில் போட்டு, அம்மாவிடமும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், அவர் தூங்குவார். நோட்ஸ் நூலகத்திலும் கிடைக்கும், உங்களைப் போலவே ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளிடமும் கிடைக்கும். அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு பெட்சிலும் இருக்கிறார்கள்.

---

அக்குறணை நானா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் விஞ்ஞான பீடம், பேராதனையிலிருந்து பக்கத்து ஊர்தான். சிங்களம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தங்கச்சி, சிங்களப் பிள்ளைகளோடு ஒரு அறை கிடைத்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்காதீங்க. ஆறு மாதத்தில் பேசுவீங்க. எங்கட பெட்சில் யாழ்ப்பாணத்துப் பொடியன் ஒருவன் ஒரு சொல் தெரியாமல் வந்தான். மாத்தறைப் பையன் ஒருவனோடு கென்டீனில் பிளேன்டீ குடித்துக் குடித்தே படித்துவிட்டான். மாத்தறைப் பையனும் தமிழில் திட்டுற அளவுக்கு வந்துவிட்டான், இன்றைக்கும் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் வேலை. பிழையாகப் பேசினாலும் அவங்க திருத்துவாங்க. நீங்களும் அவங்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுங்க, ஆசையாகக் கேட்பாங்க.

ரயிலில் வருவதென்றால், வளாகத்துக்குக் கிட்ட சரசவி உயன என்று ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கு. மலைநாட்டு ரயிலில் வந்தால் பேராதனைச் சந்தியில் இறங்கிக்கொள்ளலாம். பெட்டி படுக்கையோடு முதல் நாள் வரும்போது பஸ்தான் வசதி, கலகா சந்தியில் இறங்குங்க.

---

கொத்மலை ஓயா:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அக்கா எழுதியதை அப்பாவுக்கு போனில் வாசித்துக் காட்டினேன். கடை சத்தத்திலும் முழுக்கக் கேட்டார். "துரைக்கு முன்னால் கதிரை" என்று வந்த இடத்தில் ஒன்றும் பேசவில்லை, கொஞ்ச நேரம் கழித்துப் "போ" என்றார். மாமாவிடம் அவரே பேசுகிறாராம்.

சான்றிதழ்களைப் பார்த்தேன். அக்கா சொன்னது சரி, அம்மாவின் பெயர் மூன்று இடத்தில் மூன்று மாதிரி இருக்கிறது. நாளைக்கு அதற்குத்தான் போகிறோம்.

கடைசியாக ஒன்று. எனக்குத் தமிழும் பிடிக்கும், புவியியலும் பிடிக்கும். எதில் சிறப்புக் கலை செய்வது என்று இப்போதே முடிவு செய்ய வேண்டுமா?

---

பொகவந்தலாவை அக்கா:

வேண்டாம். முதல் வருடம் மூன்று பாடம் எடுத்துப் படிப்பீர்கள், அந்தப் பெறுபேற்றை வைத்துத்தான் சிறப்புக் கலைக்கு எடுப்பார்கள். அது நான்கு வருடம், பொதுக் கலை என்றால் மூன்று. இரண்டு பாடத்தையும் எடுங்கள், மூன்றாவதாகப் பொருளியலோ சமூகவியலோ பாருங்கள். முதல் வருடத்தில் எந்தப் பாடத்தின் புத்தகத்தைச் சொல்லாமலே நீங்களாக எடுத்து வாசிக்கிறீர்கள் என்று கவனியுங்கள், அதைத் தேர்ந்தெடுங்கள். வேலை அதிகம் என்று யாரோ சொல்வதை வைத்துப் பாடம் எடுக்காதீர்கள், நான்கு வருடம் அதோடுதான் இருக்க வேண்டும்.

அம்மாவின் பெயருக்குப் போகும்போது திருமணச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் திரும்ப அனுப்புவார்கள். சத்தியக் கடதாசி கைக்கு வந்ததும் நான்கு பிரதி எடுத்து வையுங்கள். ஒரிஜினலை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். பதிவுப் படிவம் வந்ததும் இங்கே எழுதுங்கள். சனிக்கிழமைகளில் நான் ஹட்டன் டவுனுக்கு வருவேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து நிரப்பிவிடலாம்.